றாஹிலா வீட்டு லொறி

வீட்டுக்குள் லொறி புகுந்தால் எந்த மனிதனும் அழுவான். சாய்ந்தமருது றவூபும் அழுதான். ஆனால் அழுது முடித்து, தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் முதலில் எட்டிப் பார்த்தது லொறியை அல்ல, பக்கத்து வீட்டுக் கேட்டை. கேட்டில் ஒரு கீறல்கூட இல்லை. ஆக, லொறி தன் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறது, முஸ்தாக் வீட்டுக்குப் போகவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. நெஞ்சின் ஒரு மூலையில் மெல்லிய சந்தோசம் ஒன்று தலைகாட்டியது. அதை உடனே அடக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுதான்.

முஸ்தாக் அவனுடைய சகலன். மாமனார் தன் வளவை நடுவால் பிரித்து, மூத்த மகள் றாஹிலாவுக்கு ஒரு வீடும் இளையவள் சிபானாவுக்கு ஒரு வீடும் கட்டிக் கொடுத்திருந்தார். மூத்தவளின் வீட்டுக்கு றவூப் மாப்பிள்ளையாக வந்தான். இளையவளின் வீட்டுக்கு முஸ்தாக் வந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? கட்டாருக்குப் போனான். போய்வந்து தரைக்கு டைல்ஸ் பதித்தான், மேலே பல்கனி எடுத்தான், தானாகத் திறக்கும் கேட் போட்டான், கேட்டுக்கு மேல் கமரா பூட்டினான். றவூபுக்குக் கல்முனை பஸாரில் ஒரு சின்னச் சாரன் கடை. அவன் வீட்டுக் கேட் கையால் தள்ளினால்தான் திறக்கும். மாரி காலத்தில் தள்ளினாலும் திறக்காது. வளவுக்கு வரும் விருந்தாளிகள் முதலில் பல்கனியைப் பார்த்தார்கள், பிறகு போகிற வழியில் றவூபையும் பார்த்துவிட்டுப் போனார்கள். சகலன் வீட்டில் மீன் பொரிக்கும் மணம் வந்தால் றவூபுக்குத் தன் வீட்டுச் சோறு இறங்காது. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே றாஹிலாவுக்குத் தெரியும்.

அன்று விடியற்காலை, சுபஹுத் தொழுகை முடிந்து சனம் வீடு திரும்புகிற நேரம். சம்மாந்துறையிலிருந்து நெல் ஏற்றி வந்த லொறி, நடு றோட்டில் படுத்திருந்த மாட்டுக்கு விலத்தப் போய், மதிலை உடைத்து, ஹோல் சுவரையும் உடைத்துக்கொண்டு உள்ளே வந்து, மகள் ஆகிலாவின் கலியாணத்துக்கென்று வாங்கி வைத்திருந்த அலுமாரிக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றது. எல்லாரும் பின்பக்கக் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்ததால் அல்லாஹ் காப்பாற்றினான். மாடு எழும்பித் தன்பாட்டில் போனது. சாரதி குதித்துக் கடற்கரைப் பக்கமாக ஓடினான். அவனை அதன் பிறகு யாரும் தேடவில்லை.

லொறியைப் பார்க்க மருதமுனையிலிருந்தெல்லாம் ஓட்டோ பிடித்து ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் றவூப் கதையை முதலிலிருந்து சொன்னான். ஒவ்வொரு தடவையும் லொறி கொஞ்சம் வேகமாக வந்தது. முஸ்தாக் கூட்டத்துக்குப் பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்த்தான். அவனிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்று காலை முழுக்க ஒரு ஆள்கூடப் பல்கனியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு காரியாலயம் வந்தது. கரையோர வீதி விபத்துச் சான்று பேணல் காரியாலயம் என்பது அதன் முழுப்பெயர். விபத்து நடந்த இடத்துக்குப் போய், நடந்தது நடந்தபடியே இருக்கிறதா என்று பார்த்து, அப்படியே இருக்கச் செய்வது அதன் கடமை. பரிசோதகர் புண்ணியமூர்த்தி காரைதீவு ஆள், மெலிந்த உடம்பு, வெள்ளைச் சேட்டு, பக்கத்தில் மஞ்சள் நாடா உருளையோடு உதவிப் பரிசோதகர் வினோஜ். இருவரும் முதலில் லொறியைச் சுற்றி நாடா கட்டினார்கள். பிறகு சுவரைச் சுற்றி, அலுமாரியைச் சுற்றி. நாடா இன்னும் மிச்சமிருந்ததால் கிணற்றையும் சுற்றி ஒரு கட்டு.

"றவூப் நானா, இனி ஒரு கல்லையும் தொடப்படாது" என்றார் புண்ணியமூர்த்தி. "விபத்து நடந்தது நடந்துட்டு. அதை இனி ஒண்டும் செய்யேலா. சான்றையாவது காப்பாத்துவம்."

றாஹிலா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். "ஐயா, பெருநாள் கழிய பொத்துவில்ல இருந்து மாப்புள ஊட்டுக்காரங்க ஊடு பாக்க வாறாங்க. எங்கட மகள்ட கலியாணம் இந்த ஊட்டுலதான் நிக்கிது. லொறிய எடுத்துட்டு செவரக் கட்ட உட்டாக் காணும், வேற ஒண்டும் வேணா."

"சுவர் கட்டலாம் தங்கச்சி. ஆனா சுவரைக் கட்டினா, சுவர் உடைஞ்சதுக்குச் சான்று எங்க இருக்கு?"

"அப்ப எப்ப கட்டுற?"

"சான்று திரட்டி முடிய."

"எப்ப முடியும்?"

"அது சொல்லத் தெரியா. நாங்க இன்னும் ஒண்டையும் முடிக்கல்ல" என்றார் அவர் அடக்கமாக.

விபத்து நேரத்தில் ஹோலில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஆகவே அது தொடர்ந்து சுற்றவேண்டும் என்று முடிவானது. கரண்ட் போனால் வினோஜ் ஏணியில் ஏறிக் கையால் சுற்றினான். அலுமாரிக்கு ஒரு இலக்கம், மணிக்கூட்டுக்கு ஒரு இலக்கம், கால்மிதிக்கு ஒரு இலக்கம். கதிரைகளுக்கும் இலக்கம் ஒட்டியாயிற்று. சான்றின் மேல் உட்காரக் கூடாது என்பது விதி. உட்கார இடமில்லாத பரிசோதகர் சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்து வீட்டில் முஸ்தாக் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றான்.

அங்கே பால்தேத்தண்ணி போனது. அதற்குப் பிறகு வட்டிலப்பம் போனது. றவூப் உடைந்த சுவருக்குள்ளால் இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றான். லொறி வந்தது இங்கே, வட்டிலப்பம் போவது அங்கே. இந்த உலகத்தில் ஒருவனுக்கு ஒரு விபத்தைக்கூட நிம்மதியாக அனுபவிக்க விடமாட்டார்களா என்று அவனுக்கு வயிறு எரிந்தது.

வட்டிலப்பம் முடிந்த கையோடு முஸ்தாக் தன் கமராவைப் பற்றிச் சொன்னான். எல்லாரும் உள்ளே கூடிப் படத்தைப் பார்த்தார்கள். படத்தில் முஸ்தாக்கின் கேட் இருந்தது. விடியற்கால மங்கலில் நிறம் தெரியாத மாடு ஒன்று வந்து படுத்தது. பிறகு எழும்பிப் போனது. கொஞ்சம் தூசு பறந்தது. முஸ்தாக் சாரனும் பெனியனுமாக வெளியே வந்தான், உள்ளே போனான், சேட்டும் கைமணிக்கூடும் போட்டுத் தலையும் சீவிக்கொண்டு மறுபடி வந்தான். லொறி எந்த இடத்திலும் இல்லை.

"இது பெரிய சான்று" என்றார் புண்ணியமூர்த்தி. "லொறி படத்தில இருந்தா யாருக்கும் விளங்கும், எங்களுக்கு வேலையில்ல. லொறி இல்லாததாலதான் ஆராய வேண்டிக் கிடக்கு."

அந்த இடத்திலேயே முஸ்தாக் முதன்மைச் சாட்சி ஆனான். கழுத்தில் போட ஒரு அட்டையும் கொடுத்தார்கள். அதை அவன் கடைக்கும் பள்ளிவாசலுக்கும் போட்டுக்கொண்டு போனான். றவூபுக்கும் ஒரு பதவி எழுதினார்கள்: சம்பவ இடத்தில் காணப்பட்ட ஆண்.

"சேர், அது நான் இரிக்கிற ஊடு" என்றான் றவூப். "நான் அங்க காணப்படாம வேறெங்க காணப்படுற?"

"அதத்தான் நாங்களும் விசாரிக்கிறம்."

அடுத்த கிழமை மாட்டு அணிவகுப்பு நடந்தது. லொறி விலத்திய மாடு எது என்று உறுதி செய்யவேண்டுமாம். கடற்கரையில் ஊர் மாடுகளை எல்லாம் வரிசையாக நிறுத்தினார்கள். மாட்டுக்காரர்கள் தங்கள் மாடு அன்று வீட்டிலேயே நின்றதாக ஒருவர் பின் ஒருவராகச் சத்தியம் பண்ணினார்கள். முஸ்தாக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அட்டை ஆட, ஒவ்வொரு மாட்டின் முகத்தையும் உற்றுப் பார்த்துக்கொண்டு நடந்தான். கடைசியில் ஒரு வெள்ளை மாட்டைத் தொட்டான்.

நாடாவுக்கு வெளியே நின்ற றவூபால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "சேர், அது கறுத்த மாடு. நான் என்ட கண்ணால பாத்தன்" என்றான். குசினியில் இருந்தவன் எப்படிப் பார்த்தான் என்று யாரும் கேட்கவில்லை. புண்ணியமூர்த்தியின் முகம் மலர்ந்தது. "ரெண்டு மாடு நல்லம். ஒரு மாடுதான் எண்டா சீக்கிரம் முடிஞ்சிரும்" என்று சொல்லி இரண்டுக்கும் நாடா கட்டச் சொன்னார். ஒரு மாட்டின் நாடாவை மற்றது தின்றுவிட்டது. அதற்கும் ஒரு இலக்கம் விழுந்தது.

கடற்கரையிலிருந்து திரும்பி வரும்போது றவூபுக்கு ஒரு விசயம் விளங்கியிருந்தது. இந்தக் காரியாலயத்துக்கு உண்மை வேண்டாம், பொய்யும் வேண்டாம். அதற்கு வேண்டியது எண்ணிக்கை. முஸ்தாக்கிடம் இருப்பது ஒரே ஒரு கமரா. றவூபிடம் ஒரு முழு வீடு இருக்கிறது.

அடுத்த நாள் காலையில் அவனே பரிசோதகரைக் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே கூட்டிப்போனான். படுக்கை அறைச் சுவரில் மேலிருந்து கீழாக ஓடிய வெடிப்பைக் காட்டினான். லொறி மோதிய அதிர்வில் வந்ததாம். வினோஜ் இலக்கம் ஒட்டினான். குசினிக் கூரையில் உடைந்த ஓட்டைக் காட்டினான். இலக்கம். கிணற்றுத் தண்ணீர் கலங்கியதைக் காட்டினான். இலக்கம். கேட் இறுகிப்போனதைக் காட்டினான். இரண்டு இலக்கம், கதவு ஒன்றுக்கு ஒன்று. கடைசியில் கோழிக்கூட்டைத் திறந்து, லொறி வந்த நாளிலிருந்து கோழி முட்டை இடுவதை விட்டுவிட்டது என்றான். புண்ணியமூர்த்தி உணர்ச்சிவசப்பட்டு அவன் தோளில் கைவைத்தார். "உங்களப் போல ஒத்துழைக்கிற ஆளை நான் இந்தக் கரையில கண்டதில்ல நானா" என்றார். றவூப் அந்த வார்த்தையைச் சகலன் வீட்டுக்குக் கேட்கும்படி திரும்பச் சொல்ல வைத்தான்.

றாஹிலா பொறுத்துப் பார்த்தாள். அவர்கள் போன பிறகு குசினி வாசலில் மறித்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்ச பாருங்க, அந்த வெடிப்பு ஆகிலா பொறக்க முந்தியே இரிக்கி. ஓடு தேங்கா விழுந்து ஒடஞ்சது. என்னத்துக்கு இப்பிடிப் பொய் சொல்லுறீங்க?"

"நீ சும்மா இரி புள்ள. முஸ்தாக்குக்கிட்ட ஒரு கமராதான். நமக்கிட்ட ஊடே இரிக்கி."

"மகள்ட காரியம் என்ன மாதிரி? மாப்புள ஊட்டுக்காரங்க வாறத்துக்கு நாள் கிட்டிட்டு."

"முதல்ல இத வெல்லுவம், மறுகா அதப் பாப்பம்."

"லொறி வந்து இடிச்சிது, அது போகட்டும். நீங்க மிச்சத்த இடிச்சிராதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

இதற்கிடையில் லொறியின் சொந்தக்காரர் வந்தார். கூடவே கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவரும் வந்தார். லொறி உழைக்கிற வாகனம், சும்மா நின்றால் குடும்பம் பட்டினி, மேலே இருக்கிற நெல்லும் முளைத்துப்போகும் என்று கோட்டுக்காரர் எடுத்துச் சொன்னார். புண்ணியமூர்த்தி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தலையாட்டினார். ஒரே ஒரு கையெழுத்தோடு லொறி பிணையில் போனது. இழுத்து எடுக்கும்போது ஹோல் சுவரில் தப்பி நின்ற பாதியும் விழுந்தது. அது புதிய சான்று. லொறி நின்ற இடத்தைச் சுற்றி வினோஜ் சோக்கட்டியால் வட்டம் போட்டு, நடுவில் 'லொறி' என்று எழுதினான்.

றாஹிலா நேரே பரிசோதகரிடம் போய் நின்றாள். "லொறிக்குப் பிணை குடுத்தீங்கதானே ஐயா, எங்கட ஊட்டுக்கும் தாங்க."

"ஓடுற சாமானுக்குத்தான் தங்கச்சி பிணை. வீடு எங்க ஓடப்போகுது? ஓடாததுக்கு என்னத்துக்குப் பிணை?"

அதோடு நிற்கவில்லை. றவூப் கொடுத்த சான்றுகள் அறைக்கு அறை பெருகிவிட்டதால் முழு வீட்டையும் ஒரே சான்றாக எடுப்பது வசதி என்று காரியாலயம் தீர்மானித்தது. வாசலில் சீல் விழுந்தது. கோழியும் உள்ளே. குடும்பம் பாயும் தலையணையுமாக வெளியே. போக வேறு இடம் இருக்கவில்லை. சிபானா ஓடிவந்து ராத்தா றாஹிலாவையும் ஆகிலாவையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். பின்னால் றவூப் போனான். கேட் அவனுக்காகத் தானாகத் திறந்தது.

"வாங்க காக்கா, ஒங்கட ஊடு மாதிரி நெனச்சிக்கங்க" என்றான் முஸ்தாக்.

நல்ல மனதோடுதான் சொன்னான். றவூபுக்கு அது சுடுதண்ணீர் ஊற்றியதுபோல் இருந்தது. டைல்ஸ் தரையில் கால் வைக்கக் கூசியது. அங்கே பொரித்த மீன் அவன் சாப்பாட்டுக் கோப்பையிலும் விழுந்தது. இத்தனை வருசம் மணத்தை மட்டும் வாங்கிய மீன், ருசியாகவும் இருந்தது, அதுதான் இன்னும் கோபமாக வந்தது.

ஆனால் ஒரு நாள் பகல், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வினோஜ் வந்து செய்தி சொன்னான். பிராந்தியப் பணிப்பாளர் நேரில் வருகிறாராம். இந்த விபத்துத்தான் காரியாலயத்தின் சரித்திரத்திலேயே அதிகம் சான்று தந்த விபத்தாம். றவூப் இனிச் சம்பவ இடத்தில் காணப்பட்ட ஆண் இல்லை, முதன்மைப் பாதிப்பாளர். மேடையில் பொன்னாடை உண்டு. முஸ்தாக்குக்கு? சாட்சிகளுக்கு இரண்டாவது வரிசையில் கதிரை போட்டிருக்கிறார்களாம். முஸ்தாக் மென்றுகொண்டிருந்ததை விழுங்காமல் அப்படியே இருந்தான். றவூப் இன்னொரு துண்டு மீன் கேட்டு வாங்கினான்.

வைபவம் சீல் வைத்த வீட்டுக்கு முன்னாலேயே நடந்தது. பந்தல், வாடகைக் கதிரை, ஒலிவாங்கி, எல்லாம் ஒழுங்கு. மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாளுக்கு முதல் நாள் அது. றாஹிலா பெண்கள் பக்கத்தில் ஆகிலாவோடு இருந்தாள். பணிப்பாளர் எழும்பி, தண்ணீர் குடித்து, பேசினார்.

"பெரியோர்களே, எமது காரியாலயம் ஆரம்பித்த நாள் முதல் எத்தனையோ விபத்துகள். சாரதிகள் தப்பியிருக்கிறார்கள். வழக்குகள் தள்ளுபடியாகியிருக்கின்றன. காயப்பட்டவர்கள் காத்திருந்து வயோதிபத்தால் இறந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு சான்றாவது எம் கையை விட்டுப் போனதுண்டா? இல்லை. சிலர் கேட்கிறார்கள், ஒரு குற்றவாளியையாவது பிடித்தீர்களா என்று. குற்றவாளி பிடிபட்டால் வழக்கு முடியும். வழக்கு முடிந்தால் சான்றைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். திருப்பிக் கொடுப்பதற்காகவா நாங்கள் வெயிலிலும் மழையிலும் திரட்டுகிறோம்?"

கைதட்டல் எழுந்தது. முதலில் தட்டியது புண்ணியமூர்த்தி. பணிப்பாளர் பொன்னாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, "இவ்வீட்டின் உரிமையாளர் ஜனாப் றவூப் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்" என்றார்.

றவூப் எழும்பினான். சேட்டை இழுத்துவிட்டான். அப்போது இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு குரல், மரியாதையாகத்தான், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி வந்தது.

"உரிமையாளர் காக்கா இல்லயே சேர். அது றாஹிலா மச்சிட ஊடு" என்றான் முஸ்தாக்.

பணிப்பாளரின் கை அப்படியே நின்றது. றவூப் திரும்பினான். "அப்ப ஒண்ட கமரா பூட்டின செவரு ஆர்ட? அதுவும் சிபானாட செவருதான். நீ என்ன சாட்சி?"

இந்தக் கரையில் வீடு பெண்ணுக்குச் சீதனம். ஆண் அதில் வந்து இருப்பவன். இது ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். றவூபுக்கும் தெரியும், முஸ்தாக்குக்கும் தெரியும். ஒருவனை ஒருவன் வெல்லுகிற அவசரத்தில் அதுவரை இரண்டு பேருக்கும் அது நினைவில் நிற்கவில்லை. காரைதீவில் மாமியார் வீட்டில் குடியிருந்த புண்ணியமூர்த்திக்கும் நிற்கவில்லை.

அவர் வேர்க்க வேர்க்கப் பெண்கள் பக்கம் போனார். "தங்கச்சி, உரிமையாளர் வாக்குமூலம் இல்லாம நாங்க திரட்டினது ஒண்டும் செல்லாது. நானா காட்டினதெல்லாம் லொறியால வந்ததுதான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க, காணும்."

"சொன்னா ஊட்டத் திறப்பீங்களா?"

"சொன்னா வீடு எங்களிட்டப் பத்திரமா இருக்கும்."

"இல்லண்டு சொன்னா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "அப்ப அது பொய்ச் சான்று. தந்தவர்தான் குற்றவாளி. வழக்கு அதோட முடிஞ்சிரும், வீட்டையும் விட வேண்டி வரும். அப்பிடிச் சொல்லிராதீங்க."

றாஹிலா மகளைப் பார்த்தாள். பிறகு மேடைக்குக் கீழே பாதி வழியில் நின்ற புருசனைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினான். அவன் கெஞ்சியது குற்றத்துக்குப் பயந்தா பொன்னாடைக்கு ஆசைப்பட்டா என்று அவனுக்கே தெரியாது. அவள் எழும்பி ஒலிவாங்கிக்குப் போனாள்.

"மதிலும் ஹோல் செவரும் லொறி ஒடச்சது. மத்த ஒண்டும் லொறியால இல்ல. வெடிப்பு பழைய வெடிப்பு. ஓடு தேங்கா விழுந்து ஒடஞ்சது. கிணறு எப்பவும் கலங்கல்தான். கோழி கிழடு." புருசன் பக்கம் திரும்பினாள். "எங்கட ஊட்டுக்காரர் நல்ல மனிசன். பக்கத்து ஊட்டப் பாத்துப் பாத்து இப்பிடி ஆயிட்டாரு."

சனம் சிரித்தது. றவூபுக்குச் சிரிப்புக் கேட்கவில்லை, கடைசி வசனம் மட்டும் கேட்டது. இத்தனை வருசம் ஒளித்து வைத்ததை அவள் ஒலிவாங்கியில் சொல்லிவிட்டாளே என்று அவனுக்கு அழுகை வந்தது. லொறி வந்த நாளில் அழுததை விட இது மெய்யான அழுகை.

காரியாலயத்தின் சரித்திரத்தில் முதன்முதலாக ஒரு குற்றவாளி அகப்பட்டுவிட்டார். பணிப்பாளர் யாரிடமும் சொல்லாமல் வாகனத்தில் ஏறினார், பொன்னாடையும் அவர் மடியில் போனது. சாரதியின் கதை என்ன என்று யாரோ கேட்டதற்கு, அவர்மேல் சான்று இல்லை என்று வினோஜ் சொன்னான். புண்ணியமூர்த்தி ஒவ்வொரு இலக்கமாகக் கழற்றினார். அலுமாரியிலிருந்து நாடாவை உருவும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

றவூபைக் காரியாலயத்தின் பின்னறை வாங்குப் பலகையில் இருத்தினார்கள். ஆள் பிணை வேண்டுமாம். லொறிக்கு ஒரு கையெழுத்துப் போதும். றவூப் ஓடினால் லொறியைவிட வேகமாக ஓடக்கூடியவன் என்பதால், சொந்தப் பேரில் அசையாச் சொத்து உள்ள ஒருவர் நிற்கவேண்டும். சிபானா வீட்டிலிருந்து தள்ளி அனுப்ப, முஸ்தாக் தலையைக் குனிந்துகொண்டு வந்து சேர்ந்தான்.

"காக்காவ நான் எடுக்கிறன் சேர்."

"உங்கட பேர்ல என்ன இருக்கு?" என்று கேட்டான் வினோஜ்.

"ஊடு..." என்று தொடங்கி முஸ்தாக் நிறுத்தினான்.

"வீடு மனைவிட பேர்லதானே. வேற?"

"பல்கனி நான் கட்டினது."

"பல்கனி எதுக்கு மேல இருக்கு?"

முஸ்தாக் யோசித்தான். டைல்ஸ் சிபானாவின் தரையில். கேட் சிபானாவின் மதிலில். கமரா சிபானாவின் சுவரில். கட்டாரில் உழைத்தது முழுவதும் ஒவ்வொன்றாகப் போய் அவளுடைய வீட்டில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அவன் வாங்கைப் பார்த்தான். றவூப் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தான். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். கலியாணம் முடித்த நாளிலிருந்து இன்றுதான் சகலனைப் பார்க்க றவூபுக்கு வயிறு எரியவில்லை. பாவம், இவனும் என்னைப்போல்தான் என்று நினைத்தான். நினைத்ததும் மனம் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சிக்குள் கொஞ்சம் கள்ளச் சந்தோசமும் கலந்திருந்தது.

பொழுது சாய முன் ராத்தாவும் தங்கச்சியுமாக இரண்டு பேரும் வந்தார்கள். சிபானா பிணைக்கு நின்றாள், றாஹிலா பக்கத்தில் கையெழுத்து வைத்தாள். வினோஜ் பொருட்களைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கப்படியே ஆண்கள் இருவரையும் சரிபார்த்து ஒப்படைத்தான்.

மறுநாள் பொத்துவில் ஆட்கள் வந்தார்கள். மேசன் விடிய வந்து வேலை தொடங்கியிருந்தும் சுவர் இடுப்பளவுதான் எழும்பியிருந்தது. தரையில் லொறி வட்டம் கழுவியும் போகவில்லை. மாப்பிள்ளையின் வாப்பா வீட்டைச் சுற்றி வந்தார், வெடிப்பைப் பார்த்தார், ஓட்டைப் பார்த்தார், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். எல்லாம் போய்விட்டது, தன்னால்தான் போய்விட்டது என்று றவூப் சுவரில் சாய்ந்து நின்றான்.

வாப்பா வந்து உட்கார்ந்தார். "வளவும் ஊடும் மகள்ட பேருக்கு எழுதுறதுதானே?"

"ஓம்" என்றாள் றாஹிலா. "நாங்க பின்பக்கம் சின்னதா ஒண்டு கட்டிக்கிறம். இது அவட ஊடு."

"அப்ப செவரு ஒரு விசயமில்ல. செவரக் கட்டலாம்" என்று சொல்லி அவர் பாத்திஹா ஓதக் கையை ஏந்தினார்.

ஆகிலா கதவுக்குப் பின்னால் மூச்சு விடுவது றவூபுக்குக் கேட்டது. அவனும் விட்டான். கூடவே வந்திருந்த மாப்பிள்ளைப் பொடியன் அடக்கமாக, கதை பேசாமல், இடுப்பளவுச் சுவருக்கு முன்னால் போட்டிருந்த கதிரையில் இருந்தான். சுவருக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தவன் மெல்லக் கேட்டான்.

"மாமா, அந்தப் பக்கத்து ஊடு ஆர்ட?"

இந்தக் கேள்விக்கு றவூப் எத்தனை வருசம் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்லியிருப்பான். இன்று ஆறுதலாகச் சொன்னான்.

"அது சிபானாட ஊடு மகன். முஸ்தாக் எண்டு ஒரு ஆள் அதுல தங்கியிரிக்காரு."

மாப்பிள்ளை தலையாட்டினான். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. "பல்கனி நல்லா எடுத்திரிக்காரு" என்றான்.

றவூபுக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். அவன் எழும்பிப் போய், "வெயில் அடிக்கிது மகன்" என்று சொல்லி, மாப்பிள்ளையை எழுப்பி, அவன் கதிரையை அலுமாரிப் பக்கமாகத் திருப்பிப் போட்டான். மாப்பிள்ளை உட்கார்ந்தான். உட்கார்ந்துகொண்டு கழுத்தைத் திருப்பிப் பார்த்தான்.